முத்திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்?

(மயிலாப்பூரில் நுகர்வோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூரில் போய் ஹலால் பற்றிப் பேசுவதா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கல்யாண ஜவுளி எடுக்க ஆம்பூரிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ தி.நகருக்கு வரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உஸ்மான் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியாகிவிட்டது, மதியம் பசிக்கிறது. பெரும்பாலும் அவர்கள் நுழைவது சைவ ஹோட்டலுக்குள்தான். இட்லியைப் பற்றியும் தயிர்சாதத்தைப் பற்றியும் யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. இங்கே மயிலாப்பூர் மாட வீதி மெஸ்ஸிலும் அப்படித்தான். கூட வந்த பிள்ளை எதிரே இருக்கும் பர்கர் கடையைக் காட்டி "அங்கே போகலாம் அத்தா" என்று சொல்லும்போதுதான் கேள்விகள் கிளம்புகின்றன. கோழி எங்கிருந்து வந்தது? அறுத்தது யார்? அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரை, அதாவது பிஸ்மி, சொன்னார்களா? கல்லாவில் நிற்கும் பையன், "ஹலால்தான் சார், கவலைப்படாதீங்க" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிய வழியில்லை. முதலாளி சொன்னதை அவன் சொல்கிறான். முதலாளி, சப்ளையர் சொன்னதைச் சொல்கிறார்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் யார் இருக்கிறார் என்பதுதான் இன்றைய என் பேச்சு. எது ஹலால், எது ஹராம் என்று மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. அதற்கு மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் நுகர்வோர் பக்கம் நின்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். முத்திரையைப் பார்த்து நம்பிக்கை வருவதில்லை. தப்பு நடந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் வருகிறது. நம் நாட்டில் முத்திரை ஏராளமாக வந்துவிட்டது. பதில் சொல்பவர் இன்னும் வரவில்லை.

முன்பு எப்படி நடந்தது? ராயப்பேட்டை ஜாம்பஜாரிலும் திருவல்லிக்கேணியிலும் சைதாப்பேட்டையிலும் 'பாய் கடை' என்று ஒன்று உண்டு, இன்றும் உண்டு. அங்கே சான்றிதழ் மாட்டியிருக்காது. கடைக்காரர் அந்தப் பள்ளிவாசல் மஹல்லாவில் குடியிருப்பவர்; வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பக்கத்து வரிசையில் நிற்பவர். அவர் கடையில் ஏதாவது தவறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஜமாஅத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள். வியாபாரமும் போகும், மானமும் போகும். ஆகவே வாங்குகிறவர் பார்க்க முடிந்தது, ஆளைத் தெரிந்திருந்தது, ஆளைப் பிடித்துக் கேட்கவும் முடிந்தது. முஸ்லிம் அல்லாத எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கடையில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஹலால் ஒரு பொருட்டல்ல. கண் முன்னால் அறுத்துக் கொடுக்கிறார், எடையில் ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கை.

அந்த ஏற்பாடு உடைந்தது மதத்தால் அல்ல. வியாபாரத்தின் வடிவம் மாறியதால். இன்று அடையாறில் ஒரு வீட்டில் செல்பேசியைத் தட்டினால் அரை மணியில் கோழிக்கறி பிளாஸ்டிக் உறையில் வந்து நிற்கிறது. கறி எந்த ஊரில் அறுபட்டதோ! உறைந்த கபாப், பாக்கெட் சூப், நூடுல்ஸ், ஐஸ்கிரீம், பிள்ளைகள் தின்னும் ஜெல்லி, மருந்து மாத்திரையின் கூடு வரைக்கும் கேள்வி நீள்கிறது. ஜெலட்டின் என்றால் எந்த விலங்கின் எலும்பு? ஈ471 என்ற கொழுப்புப் பொருள் எண்ணெய் வித்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். சிவப்பு நிறம் தரும் ஈ120 ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. பொட்டலத்தின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும் இந்த எண்களை எந்தக் கசாப்புக்கடை பாயிடம் கேட்பது?

அரசு முத்திரை இருக்கிறதே என்பீர்கள். பச்சை வட்டம் சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம். பச்சை வட்டம் முஸ்லிம்களுக்குப் பெரிய துணை, சந்தேகமில்லை. ஆனால் சாராயத்தில் கரைத்த வெனிலா எசன்ஸ் சேர்ந்த பிஸ்கட்டும் பச்சை வட்டம் வாங்கிவிடும். பழுப்பு முக்கோணமோ இன்னும் ஊமை. முட்டை போட்ட கேக்குக்கும் பன்றி இறைச்சி சாசேஜுக்கும் ஒரே முக்கோணம்தான். எந்த விலங்கு என்று அது சொல்லாது. இது முஸ்லிமின் குறை மட்டுமல்ல; மாட்டிறைச்சி உண்ணாதவருக்கும் இதே குறைதான்.

2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் 'ராம் கௌ ரக்ஷா தள்' என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஈ631 போன்ற சேர்மானங்களை வெறும் எண்ணாகப் போட்டால் போதாது. அது செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்ததா என்று உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. வழக்குப் போட்டவர்கள் பசுப் பாதுகாப்பு அமைப்பினர். அவர்கள் கேட்டதும் ஹலால் பார்க்கும் குடும்பம் கேட்பதும் ஒன்றேதான்: என் வாய்க்குள் போவது என்ன என்று எனக்குச் சொல். இந்த ஒற்றுமையை நம் அரசியல் கவனிக்கவில்லை. நுகர்வோர் இயக்கமாவது கவனிக்க வேண்டும்.

இனி, சான்றிதழ் தருபவர்கள். இந்தியாவில் உள்நாட்டுச் சந்தைக்கு ஹலால் சான்று தரும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. ஜமிய்யத் உலமாயே ஹிந்த் ஹலால் டிரஸ்ட் டெல்லியில், ஹலால் கவுன்சில் ஆஃப் இந்தியா மும்பையில், நம் சென்னையில் ஹலால் இந்தியா பிரைவேட் லிமிடெட், இப்படித் தனியார் அமைப்புகள்தான். ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்கிறது; தானே கட்டணம் வாங்குகிறது; தானே தணிக்கை செய்கிறது. தணிக்கை செய்பவரைத் தணிக்கை செய்ய மேலே ஒருவர் வேண்டும் என்ற கட்டாயம் உள்நாட்டு விற்பனையில் இல்லை.

விதியில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று கேட்கலாம். வரும். தமிழக முஸ்லிம்களில் ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனபி மத்ஹபு, அதாவது ஹனபி சட்ட மரபு. கடற்கரை ஊர்களின் மரக்காயர்கள் ஷாஃபி மத்ஹபு. கணவாய் ஷாஃபி வீட்டில் தாராளமாக வேகும். ஹனபி வீட்டில் அடுப்பேறாது. இறால் பற்றி ஹனபி ஆலிம்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வது கட்டாயமா, விரும்பத்தக்க சுன்னத்தா என்பதிலும் இரு மத்ஹபுகளும் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கில் கோழிகளை இயந்திரம் அறுக்கும்போது பிஸ்மியை யார், எத்தனை தடவை சொல்வது? அறுக்கும் முன் மின்சாரத்தால் மயக்கலாமா? உலகம் முழுக்க ஆலிம்கள் இதில் கருத்து வேறுபடுகிறார்கள். வேறுபடட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் 'ஹலால்' என்று ஒரு வட்டத்தைப் பொறித்துவிட்டு, எந்த விதிப்படி என்று சொல்லாமல் விடுவது நுகர்வோருக்குச் செய்யும் நியாயமல்ல. எந்த விதி என்று எழுதிவிடுங்கள். ஏற்பதும் விடுவதும் வாங்குகிறவர் பாடு.

2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஒரு முடிவெடுத்தது. லக்னோ ஹஸ்ரத்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிவானது. அதில் நம் சென்னை நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அடுத்த நாளே, நவம்பர் 18 அன்று, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களை மாநிலத்துக்குள் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தடை வந்தது. உணவுத் தரம் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கே உண்டு, இணையாக இன்னொரு சான்று குழப்பம் தரும் என்பது சொல்லப்பட்ட காரணம். தடைக்கு ஒரு விலக்கு: ஏற்றுமதிக்கு மட்டும் செய்யலாம். அந்த ஆணையை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த விலக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2023 ஏப்ரலில் இறைச்சி ஏற்றுமதிக்கென்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் 'ஐ-காஸ் ஹலால்' என்ற திட்டம். சான்று தரும் அமைப்பு முதலில் தேசிய அங்கீகார வாரியத்திடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். கண்டவரெல்லாம் முத்திரை குத்த முடியாது. 2024 அக்டோபரில் இதற்கான நாடுகளின் பட்டியல் வந்தது: சவூதி அரேபியா, அமீரகம், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், பங்களாதேஷ் உள்ளிட்ட 15 நாடுகள். ஆக, தணிக்கை செய்பவரைத் தணிக்கை செய்வது எப்படி என்று இந்திய அரசுக்குத் தெரியும். செய்தும் காட்டியிருக்கிறது. ரியாத்தில் இந்தியக் கறி வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ராயப்பேட்டையில் வாங்குபவருக்குக் கிடையாது. வரி கட்டுகிறவர் ராயப்பேட்டைக்காரர்தான்.

எதிர்த்தரப்பின் கேள்விகளையும் தள்ளிவிட முடியாது. "மாவுக்கும் வெல்லத்துக்கும் தண்ணீருக்கும் எதற்கு ஹலால்?" என்று கேட்கிறார்கள். 2021இல் சபரிமலை அரவணைப் பிரசாதத்துக்கு வந்த வெல்லப் பொட்டலங்களில் ஹலால் என்று அச்சிட்டிருந்ததாக வழக்கு கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. அரபு நாடுகளுக்கு ஏற்றுமதிக்கென்று அச்சடித்த பைகள் அவை என்று விளக்கம் வந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல், சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று தருகிறார்களாம் என்று வியந்தார். ஹலால் டிரஸ்ட் தரப்பு அதை மறுத்தது. அந்த வாதத்தை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். என் கருத்து இது: சந்தேகமே எழாத பொருளில் முத்திரை குத்துவது, சந்தேகம் எழும் பொருளில் இருக்கும் முத்திரையின் மதிப்பைக் கெடுக்கிறது. ஏற்றுமதிக்கு வாங்குபவர் கேட்டால் குத்தட்டும். உள்ளூர்க் கடைத்தட்டில், விலங்குப் பொருளோ சாராயமோ சேர வாய்ப்பே இல்லாத ஒன்றில் அதற்கு வேலையில்லை. மற்ற சமூகத்தவரின் எரிச்சலைச் சம்பாதிப்பதைத் தவிர அதனால் பயன் ஒன்றும் இல்லை.

அந்த எரிச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இலங்கை பார்த்தது. அங்கே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, ஆலிம்களின் சபை, தானே ஹலால் சான்றும் தந்துவந்தது. சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனா 2013 பிப்ரவரியில் மகரகமையில் கூட்டம் போட்டு ஹலால் முத்திரையை ஒழிக்க வேண்டும் என்று முழங்கியது. மார்ச் மாதமே உள்நாட்டுப் பொருள்களில் முத்திரை வேண்டாம் என்று சபை இறங்கிவந்தது; அந்த ஆண்டோடு அந்தப் பொறுப்பையே விட்டது. 2014 முதல் ஹலால் அங்கீகாரப் பேரவை என்ற தனி நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. மிரட்டலுக்குப் பணிய நேர்ந்தது கசப்பானது. ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மார்க்கத் தலைமையும் சான்று வியாபாரமும் ஒரே கையில் இருந்தால், முத்திரை மீது விழும் ஒவ்வோர் அடியும் சமூகத்தின் மீது விழுகிறது. இரண்டையும் முன்கூட்டியே பிரித்து வைப்பது விவேகம்.

நம் ஊரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2018 நவம்பர் 17. ஜோத்பூர் பக்கமிருந்து வந்த மன்னார்குடி எக்ஸ்பிரஸில் எழும்பூரில் இறங்கிய சுமார் 2,000 கிலோ இறைச்சியை அதிகாரிகள் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறதே, நாய்க்கறியோ என்று ஒரு சந்தேகம். அன்று மாலைக்குள் சென்னையில் வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. பிரியாணிக் கடைகள் காற்று வாங்கின. ராஜஸ்தான் ஆட்டுக்கு வால் நீளம்தான் என்று வியாபாரிகள் சொல்லிப் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. சில நாட்களில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வறிக்கை வந்தது: அது ஆட்டிறைச்சிதான். பொய்ப் பேச்சை அடக்கியது அந்த ஒரு தாள். வியாபாரி சொன்னபோது நம்பாத ஊர், கல்லூரி சொன்னபோது ஏன் நம்பியது? கல்லூரிக்கு அந்தக் கறியில் லாபமில்லை, அறிக்கையில் பெயர் போட்டிருக்கிறது, தப்பென்றால் கேட்கலாம். ஆனால் அந்தத் தாள் வருவதற்குள் சிறு கடைக்காரர்களின் வியாபாரம் போனது போனதுதான். முன்கூட்டியே சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் வதந்தி எப்போதும் ஆய்வறிக்கையை முந்திக்கொள்ளும்.

இரண்டாவது நிகழ்ச்சி 2020 மே, கொரோனா ஊரடங்கு நேரம். தி.நகரில் ஒரு பேக்கரி வாட்ஸ்அப்பில் விளம்பரம் விட்டது. எங்கள் தின்பண்டங்களைச் செய்பவர்கள் ஜைனர்கள், முஸ்லிம் பணியாளர்கள் இல்லை என்பது அதன் சாரம். போலீஸ் வழக்குப் பதிந்து உரிமையாளரைக் கைது செய்தது. வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் கேட்டதால்தான் அப்படிப் போட்டோம் என்று கடைத் தரப்பில் சொன்னார்கள். இதையும் ஹலாலையும் ஒரே தட்டில் வைத்து, "அவர்கள் கேட்கலாம், நாங்கள் கேட்கக்கூடாதா?" என்று வாதிடுவோர் உண்டு. கோடு எங்கே என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உணவில் என்ன இருக்கிறது, எப்படிச் செய்தது என்று கேட்பது நுகர்வோர் உரிமை. பூண்டு இருக்கிறதா என்று ஜைனர் கேட்கலாம். ஒரே வெட்டில் கொல்லும் ஜட்கா முறையில் வெட்டியதா என்று சீக்கியர் கேட்கலாம். ஹலாலா என்று முஸ்லிம் கேட்கலாம். பன் மாவைப் பிசைந்தவர் என்ன மதம் என்று கேட்பது உணவைப் பற்றிய கேள்வியே அல்ல. அது மனிதரை விலக்கும் கேள்வி. ஹலால் சான்று அமைப்புகளும் இந்தக் கோட்டைக் காக்க வேண்டும். அறுப்பவர் யார் என்பது மார்க்க நிபந்தனை, சரி. அதைச் சாக்காக வைத்து, பொட்டலம் கட்டுபவரும் லாரி ஓட்டுபவரும் இன்ன மதமாக இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு இடமே தரக்கூடாது.

பதில் சொல்லும் முத்திரை எப்படி இருக்கும்? 2014 மே மாதம் மலேசியாவில் கேட்பரி சாக்லேட் இரண்டு வகைகளில் பன்றி மரபணு இருப்பதாகச் சுகாதார அமைச்சகத்தின் சோதனை காட்டியது. நாடே கொதித்தது. ஹலால் சான்று தரும் அரசுத் துறையான ஜாக்கிம் உடனே அந்தச் சான்றை நிறுத்திவைத்தது. தொழிற்சாலையிலிருந்து மாதிரி எடுத்துத் தானே சோதித்தது. ஜூன் தொடக்கத்தில் மரபணு எதுவும் இல்லை என்று ஊரறிய அறிவித்தது. ஏறத்தாழ பத்து நாள். தவறு நடந்ததா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியம், கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது என்பது. சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் தரும் முத்திரையைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. அரசுதான் தர வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் யூதர்களின் கோஷர் சான்றைத் தனியார் அமைப்புகளே 1920களிலிருந்து நடத்துகின்றன. தணிக்கையாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குள் நுழைவார். தவறான முத்திரை வெளிவந்தால் அமைப்பே பெயர் சொல்லி எச்சரிக்கை விடும். அரசா தனியாரா என்பது இரண்டாவது கேள்வி. பொறுப்பேற்பவர் உண்டா என்பதே முதல் கேள்வி.

நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலில் நம் கையில் இருக்கும் சட்டம். ஹலால் என்று போர்டு மாட்டிவிட்டு அப்படி இல்லாததை விற்றால் அது வெறும் பாவமல்ல, குற்றம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் வழி இருக்கிறது. ஹோட்டல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பில்லிலும் சுவரிலும் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரை முகநூலில் எழுதுவதற்கு முன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். முகநூல் பதிவு ஒரு கடையை மூடவைக்கும். எழுத்துப் புகார் ஒரு முறையைத் திருத்தும்.

இரண்டாவது, ஹோட்டல்காரர்களுக்கு. "100 சதவீதம் ஹலால்" என்று தங்க எழுத்தில் எழுதுவதற்குப் பதில், கோழியும் கறியும் எந்த சப்ளையரிடமிருந்து வருகின்றன, சான்று யாருடையது, எந்தத் தேதி வரை செல்லும் என்று மூன்று வரி எழுதி மாட்டுங்கள். மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில் அறுத்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது முஸ்லிம் வாடிக்கையாளரைவிட மற்றவர்களையே அதிகம் கவரும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, சான்று அமைப்புகளுக்கு. உங்கள் விதிமுறையைத் தமிழில் வெளியிடுங்கள். சான்று பெற்றவர் பட்டியலோடு, சான்று ரத்தானவர் பட்டியலையும் வெளியிடுங்கள். இதுவரை யாருடைய சான்றையும் ரத்துச் செய்யாத அமைப்பு ஒன்று இருந்தால், அதை நான் நம்பமாட்டேன்.

நான்காவது, அரசுக்கு. ஏற்றுமதிக்காக வைத்திருக்கும் அங்கீகார முறையை உள்நாட்டுக்கும் திறந்துவிடுங்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஹலால் என்று சொல்லி விற்க விரும்புகிறவர் மட்டும் அந்த வாசல் வழியாக வரட்டும். ஜட்காவுக்கும் ஜைன உணவுக்கும் அதே வாசல் இருக்கட்டும். தடை போடுவது அரசுக்குச் சுலபம். ஆனால் தடை போட்ட ஊரில் கேள்வி ஓயாது, கள்ள முத்திரைதான் பெருகும்.

கடைசியாக, முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அவர்கள் கேட்பது சலுகை என்று எண்ணாதீர்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது, எந்த விலங்கு, எங்கே அறுத்தது, யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த நான்கு கேள்விகளும் உங்களுடையவைதான். அவர்கள் மார்க்கத்துக்காகக் கேட்கிறார்கள். நீங்கள் உடம்புக்காகவோ விரதத்துக்காகவோ பிள்ளையின் ஒவ்வாமைக்காகவோ கேட்கலாம். கம்பெனி எழுத வேண்டிய பதில் ஒன்றுதான். அதைச் சேர்ந்து கேட்போம்.